முன்பக்கம் 20 சென்டிமீட்டர் குறைந்த வீடு: அளவைச் சரிபார்க்க வேண்டியவர் யார்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே 6 சென்ட் இடத்தில் கட்டிய தரைத்தள வீடு அது. பூச்சு முடிந்து, பெயின்ட் முதல் கோட்டும் அடித்த பிறகு, வீட்டு நம்பருக்காகப் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஓவர்சியர் வந்து டேப் பிடித்தார். ரோட்டுப் பக்க எல்லையிலிருந்து சிட்அவுட் (வாசல் வராண்டா) தூண் வரை 2.80 மீட்டர்தான் இருந்தது. அனுமதி வாங்கிய பிளானில் அந்த இடம் 3.10 மீட்டர். 2019-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி இந்த அளவு மனைக்கு முன்பக்கம் குறைந்தது 3 மீட்டர் விட வேண்டும். ஃபைல் அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டு நம்பர் இல்லாமல் கேரளத்தில் ஒரு வீடு சட்டப்படி குடியிருக்கத் தகுந்த வீடாக ஆவதில்லை. வழக்கமான முறையில் கட்டட வரி போட முடியாது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிகக் கரண்டை வீட்டுக் கனெக்‌ஷனாக மாற்றுவதும் இழுபறியாகிவிடும். கிரகப் பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்த குடும்பம் அது. யார் தப்பு என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்காரரும் மேஸ்திரியும் முகம் கொடுத்துப் பேசாத நிலை வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டை அளந்து பார்த்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமும் வேலை பார்க்கிறவன் என்பதால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டது.

எல்லையில் வீடு கட்டுவது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, எருத்தேம்பதி பக்கமெல்லாம் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் ஆபீஸ் கேரளத்தினுடையது. பிளான் போடுகிற லைசென்ஸ் இன்ஜினியர் பெரும்பாலும் சித்தூரிலோ பாலக்காட்டிலோ இருப்பார். பிளானில் அளவெல்லாம் மீட்டர், சென்டிமீட்டரில்தான் இருக்கும். மேஸ்திரியும் ஆட்களும் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கமிருந்து பஸ் ஏறி வருவார்கள். அவர்கள் கை அடியிலும் அங்குலத்திலும் பழகியது. மர வேலைக்கு உள்ளூர் ஆசாரி வருவார். வயதான ஆசாரியாக இருந்தால் இன்றும் கோல் கணக்கில் பேசுவார்: ஒரு கோல் 72 சென்டிமீட்டர், அதில் 24 விரல், விரலுக்கு 3 சென்டிமீட்டர். ஒரே வீட்டில் மூன்று அளவு முறை புழங்குவது இங்கே சாதாரணம்.

இன்னொரு வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் சிறிய தனி வீடுகளுக்குக் கட்டி முடித்த சான்று கேட்பதில்லை. அதனால் பொள்ளாச்சிப் பக்கம் கட்டி முடித்த ஒரு வீட்டை யாரும் டேப் பிடித்துப் பார்க்காமலே போய்விடலாம். அரையடி முன்னே பின்னே இருந்தாலும் வெளியே வராது. அந்தப் பழக்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்த மேஸ்திரிக்கு, கடைசியில் ஒருவர் வந்து அளப்பார் என்ற எண்ணமே இருக்காது. கேரளத்தில் அளப்பார்கள்.

அதே சமயம், ஆரம்பத்தில் அளந்து பார்க்கிற வேலை இரண்டு மாநிலத்திலும் குறைந்துகொண்டே வருகிறது. கேரளத்தில் 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட வீடுகளுக்கு, உரிமையாளரும் லைசென்ஸ் உள்ளவரும் கையெழுத்துப் போட்டு உறுதி சொன்னால் பெர்மிட் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுய சான்று முறையில் உடனே அனுமதி தருகிறார்கள். அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் வேலை தொடங்கும் முன் யாரோ ஒரு அரசு ஊழியர் வந்து பார்ப்பார் என்று நம்பியிருந்த காலம் முடிந்தது. அந்தப் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர்கள் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்கு அது தெரியாது.

அளந்தபோது தெரிந்தது

முதலில் மனையைப் பார்த்தேன். எல்லைக் கல்லுக்குக் கல் கிழக்கு மேற்காக 18.70 மீட்டர், அகலம் 13 மீட்டர். ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தில்) இருப்பதும் அதுதான். மனையில் குறை இல்லை.

அடுத்து வீடு. கிழக்குப் பார்த்த வாசல். பின்னாலிருந்து முன்னால் வந்தால் சமையலறை, சாப்பிடும் அறை, ஹால், சிட்அவுட் என்று வரிசையாக இருக்கின்றன. பிளானில் உள்அளவு முறையே 300, 300, 480, 180 சென்டிமீட்டர். சுவர்களும் முன் தூணும் ஐந்து இடத்தில் 20 சென்டிமீட்டர். எல்லாம் கூட்டினால் 13.60 மீட்டர். பின்னால் 2 மீட்டர், முன்னால் 3.10 மீட்டர் விட்டால் 18.70 சரியாக வரும். பிளான் போட்டவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

கட்டிய வீட்டில் மூலைக்கு மூலை பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒன்றே. தூக்குக்குண்டு விட்டால் சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. இவ்வளவு சுத்தமான வேலையை நான் அடிக்கடி பார்ப்பதில்லை. சமையலறை பூச்சுக்குப் பூச்சு சரியாகப் பத்தடி. சாப்பிடும் அறையும் பத்தடி. ஹால் பதினாறடி. சிட்அவுட் ஆறடி. நான்கிலும் கால் அங்குலம்கூடப் பிசகவில்லை.

அந்த நான்கு எண்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. 6, 10, 16 மூன்றும் மனையடி சாஸ்திரத்தில் நல்ல அளவுகள். யாரோ பிளானை மனையடிக்கு மாற்றியிருக்கிறார்கள்.

டேப்பை நீட்டி வைத்துப் பார்த்தால் இது எளிதாகத் தெரியும். ஒரு ஓரத்தில் சென்டிமீட்டர், மறு ஓரத்தில் அங்குலம். 300 என்ற கோட்டுக்கு நேர் எதிரே 9 அடி 10 அங்குலம், அதற்குமேல் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இருக்கும். பத்தடிக் கோடு இன்னும் 4.8 சென்டிமீட்டர் தள்ளி 304.8-இல் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. பூச்சுக்குப் பிறகும் பத்தடி நிற்க வேண்டும் என்பதால், இரண்டு சுவருக்கும் அரை அரை அங்குலம் சேர்த்துக் கல்லுக்குக் கல் 10 அடி 1 அங்குலம் வைத்திருக்கிறார் மேஸ்திரி. அதாவது 307.3. ஆக ஒரு அறைக்கு 7.3 சென்டிமீட்டர் கூடுதல், இரண்டு அறைக்கு 14.6. ஹால் 480 இருக்க வேண்டியது, 16 அடி 1 அங்குலமாகி 490.2, கூடுதல் 10.2. சிட்அவுட் 180-க்குப் பதில் ஆறடி, 182.9, கூடுதல் 2.9. மொத்தம் 27.7. தூணின் முன்பக்கப் பூச்சு ஒரு 2 சென்டிமீட்டர். 310-இல் இதைக் கழித்தால் 280.

ஓவர்சியர் டேப்பில் வந்த எண் அதேதான். எந்த அறையும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, கடைசியில் வீடு ரோட்டை நோக்கி ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்துவிட்டது.

ஏன் எல்லாம் முன்பக்கமாகவே தள்ளியது? சுவர் வரும் இடத்தை மனையில் குறிக்கக் கயிறு கட்டும்போது மேஸ்திரி கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், முதல் முளையை அடித்தார். அதுதான் முறை, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கிழக்குப் பார்த்த வீட்டில் கன்னி மூலை பின்பக்கம் வரும். அங்கிருந்து ஒவ்வொரு அறையாக அளந்துகொண்டே முன்னால் வந்தால், சேர்ந்த பிசகு மொத்தமும் வாசல் பக்கம்தான் போய் நிற்கும். விதி கண்டிப்பாக இருப்பதும் அதே பக்கம்தான். இதே வீடு மேற்குப் பார்த்திருந்தால் பிசகு பின்பக்கம் போயிருக்கும், முன்பக்கத்து 3.10 அப்படியே நின்றிருக்கும்.

மூன்று பேர் சொன்னது

வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரி. அவர் மாமனார் மனையடி பார்க்காமல் வீடு கட்டக் கூடாது என்பதில் உறுதியாக இருந்திருக்கிறார். கயிறு கட்டிய அன்று காலையில், "மேஸ்திரி, உள்கூடு பத்தடி, பதினாறடி வந்தே ஆகணும்ங்க. மாமா பிரியப்படறாரு" என்று சொன்னதை அவரே ஒத்துக்கொண்டார். மேஸ்திரி, "வெச்சுடலாங்க, ஒரு அங்குலம் ரெண்டு அங்குலந்தானே வித்தியாசம்" என்றாராம். அதையும் மேஸ்திரி மறுக்கவில்லை. "அவரு சொன்ன அளவைத்தானுங்க கட்டிக் குடுத்தேன். ஒரு ரூம் பிசகியிருந்தா சொல்லுங்க, இடிச்சுக் கட்டித் தாரேன்" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் உண்மையானது.

இன்ஜினியரைப் போனில் பிடித்தேன். அவர் வாங்கிய பணம் பிளான் போட்டுப் பெர்மிட் எடுத்துத் தர மட்டும். சைட்டுக்கு வருவது அதில் இல்லை. "நான் 300-னு தெளிவாப் போட்டிருக்கேன் சார். மாத்தறதா இருந்தா ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார். அதுவும் நியாயம்தான்.

மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் தங்கள் பங்கு அளவைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். மொத்த அளவைக் கூட்டிப் பார்ப்பது மட்டும் யாருக்கும் வேலையாக இருக்கவில்லை.

அந்த வீட்டிலேயே அளவு தப்பாமல் வந்த வேலைகளையும் பார்த்தேன். கதவு நிலைகளைச் செய்தவர் கோல் வைத்திருக்கிற ஆசாரி. அவர் நிலையை முதலில் நிறுத்த, அதை ஒட்டித்தான் சுவர் எழும்பியது. நிலையே அளவாக நின்றதால் தப்பு நுழைய வழி இல்லை. மொட்டை மாடிக்குப் போகிற படி ஒன்றுபோல் 18 படி, ஒவ்வொன்றும் 17 சென்டிமீட்டர் ஏற்றம். மேஸ்திரி பிளானில் இருந்த உயரத்தை நம்பாமல், கான்கிரீட் போட்ட பிறகு நிஜ உயரத்தை அளந்து பிரித்திருக்கிறார். ஜன்னல் செய்தவரும் பூச்சு முடிந்த பிறகு தானே வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். அளவெடுத்தவரே செய்தார், செய்தவரே பொறுப்பு. பேச்சுக்கே இடமில்லை. வீட்டின் மொத்த நீளத்துக்கு மட்டும் அப்படி ஒரு ஆள் இல்லை.

பொறுப்பை எப்படிப் பிரித்தேன்

இது கூலிக் காண்ட்ராக்ட். சாமான் வீட்டுக்காரர் வாங்கிப் போடுவார், மேஸ்திரிக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. மொத்தக் காண்ட்ராக்டாக இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். பிளானைக் கையில் வாங்கிக்கொண்டு, சாமானும் கூலியும் சேர்த்து விலை பேசி, சாவியைக் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டவர் அந்தப் பிளானின்படி வீட்டை மனைக்குள் உட்காரவைக்கவும் கடமைப்பட்டவர். வீட்டுக்காரர் வாய்ச்சொல்லாக மாற்றச் சொன்னாலும், இதனால் முன்பக்கம் குறையும் என்று சொல்லி நிறுத்த வேண்டியது அவர்தான். கூலிக் காண்ட்ராக்டில் மேஸ்திரி விற்பது கைவேலையை. மேற்பார்வை என்ற வேலை வீட்டுக்காரர் கையிலேயே இருக்கிறது. பணம் மிச்சம் என்று கூலிக் காண்ட்ராக்ட் பிடிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள், கூடவே இந்த வேலையையும் தங்கள் தலையில் எடுத்துக்கொண்டதை உணர்வதில்லை. தனக்குத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அதற்கென்று வைக்க வேண்டும்.

அதனால் பெரிய பங்கு வீட்டுக்காரருடையது என்று அவரிடமே சொன்னேன். மனையடி பார்த்ததால் இல்லை. அது அவர்கள் நம்பிக்கை, அதற்கு இடம் கொடுத்தே பிளான் போடலாம். பிளான் போடும்போதே மாமனாரின் விருப்பத்தைச் சொல்லியிருந்தால், இன்ஜினியர் அறைகளைப் பத்தடிக்கு வரைந்து, பூச்சையும் கணக்கில் சேர்த்து, பின்பக்கத்து இடத்திலோ சிட்அவுட்டிலோ சரிக்கட்டியிருப்பார். அனுமதி வாங்கிய அளவைக் கயிறு கட்டும் இடத்தில் வாயால் மாற்றியதுதான் தப்பு. அளவை மாற்றுகிறவர் மறுபடி மொத்தமாகக் கூட்டிப் பார்க்கவோ, கூட்டத் தெரிந்தவரிடம் சொல்லவோ வேண்டும்.

மேஸ்திரிக்கும் பங்கு உண்டு. ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம்தான் என்று சொன்ன வாய், அது எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணியிருக்க வேண்டும். கயிறு கட்டி முடித்ததும் ரோட்டு எல்லைக்கும் முன் கயிற்றுக்கும் நடுவே ஒருமுறை டேப் போட்டிருந்தால் போதும். அது ஐந்து நிமிஷ வேலை. வானம் (அஸ்திவாரக் குழி) பறிப்பதற்கு முன்னால் முளையைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிக்கலாம். கருமண் பூமி என்பதால் ஆழமாக வானம் பறித்து, மணல் கொட்டி, பெல்ட் கான்கிரீட்டும் போட்டாயிற்று என்றால் பிறகு ஒரு சுவரும் நகராது.

இன்ஜினியரைப் பற்றி நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெர்மிட் விண்ணப்பத்தில் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர், கட்டி முடித்த பிறகு கம்ப்ளீஷன் பிளானிலும் கையெழுத்துப் போடப்போகிறவர், நடுவில் ஒரு நாளாவது, கயிறு கட்டும் அன்றைக்காவது, சைட்டுக்கு வந்தாக வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் கேட்கட்டும், தப்பில்லை. வீட்டுக்காரர் தர மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். அடியிலும் அங்குலத்திலும் வேலை செய்கிற ஆட்களுக்கு மீட்டர் மட்டும் போட்ட பிளானைக் கொடுப்பதும் சரியில்லை. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அடி அளவையும் எழுத அவருக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். 9 அடி 10 என்று பிளானிலேயே இருந்திருந்தால், பத்தடி என்று கேட்டபோது மேஸ்திரிக்கு எங்கோ உறுத்தியிருக்கும்.

வேலைமுறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சர்வே படித்தவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தருவது, மொத்தத்தை முதலில் நிறுத்து, பிறகு உள்ளே பிரி என்பதுதான். கன்னி மூலை முளையை முதலில் அடிக்கட்டும், பூஜை போடட்டும். அடுத்த கயிறு ரோட்டு எல்லையிலிருந்து 3.10 அளந்து முன்னால் கட்ட வேண்டிய கயிறு. பின் கயிறும் முன் கயிறும் நின்ற பிறகே நடுவில் அறைகளைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போதும் டேப்பை அறைக்கு அறை எடுத்து வைக்காமல், ஒரே முளையில் மாட்டி நீளமாக இழுத்து, 200, 520, 840 என்று ஓட்டமாகக் குறிக்க வேண்டும். இப்படிச் செய்திருந்தால் அன்று காலையிலேயே ஆறடி சிட்அவுட்டுக்கு ஐந்தடிதான் மிச்சம் என்று தெரிந்திருக்கும். பதினாறடி ஹாலா, ஆறடி சிட்அவுட்டா என்று மாமனாரும் மருமகனும் அங்கேயே நின்று பேசி முடித்திருப்பார்கள்.

எப்படி முடிந்தது

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று வீட்டுக்காரரின் தம்பி கேட்டார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதில் வீட்டுக் கட்டுமானமும் வருகிறது. குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஆனால் இங்கே மேஸ்திரியோடு எழுத்து ஒப்பந்தம் இல்லை, இன்ஜினியர் ரசீதில் பிளானும் பெர்மிட்டும் மட்டும் இருக்கிறது, அளவை மாற்றச் சொன்னது வீட்டுக்காரர். போனால் வருஷங்கள் போகும், வீட்டு நம்பர் வராது என்று சொன்னேன். அவர்களும் யோசித்து விட்டுவிட்டார்கள்.

நல்லவேளையாக, நீட்டிக்கொண்டிருந்தது சிட்அவுட் மட்டுமே. கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்து, பழைய தூண்களுக்கு உள்ளே கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு புதுத் தூணும் பீமும் போட்டு, அவை இறுகிய பிறகு முன்பக்கத்தை மெஷினில் அறுத்துப் பழைய தூண்களை எடுத்தோம். பீமுக்குக் கம்பிக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் வாங்கித்தான் செய்தோம். இதைக் கண்ணளவில் யாரும் செய்யக் கூடாது. சிட்அவுட் ஆறடியிலிருந்து ஐந்தடிக்குச் சற்று மேலாகக் குறைந்தது. மாமனாருக்கு அதில் மனக்குறை இருக்கிறது.

செலவை இப்படிப் பிரித்துக்கொண்டார்கள்: சிமென்ட், கம்பி, அறுக்கும் மெஷின் வாடகை வீட்டுக்காரர், கூலி மேஸ்திரி, மாறிய அளவுகளைக் காட்டும் புதுப் பிளானும் பஞ்சாயத்து அலைச்சலும் இன்ஜினியர், பணம் வாங்காமல். மேஸ்திரியின் ஆட்களுக்குச் சம்பளம் போய்விடக் கூடாது என்று சாப்பாட்டையும் பஸ் காசையும் வீட்டுக்காரர் தானாகவே ஏற்றுக்கொண்டார்.

வேலை முடிந்த அன்று நான் முன்பக்கம் டேப் பிடித்தபோது மூவரையும் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். இடது தூணில் 3.02, வலது தூணில் 3.03. புதுப் பிளானில் அந்த எண்களை மீட்டரிலும் அடியிலும் எழுதி, தேதி போட்டு மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் ஓவர்சியர் வந்து அளந்து குறித்துக்கொண்டார். வீட்டு நம்பர் வந்தது.